காற்று இறங்காத வைன்

1

நேற்று மத்தியானம் சமையலறையில் வைன் ஜாடியைத் திறந்து வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். என் மகள் ரூத் வந்தாள். சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"என்னத்துக்கு சாத்துறே? வேக்காடா இருக்குல்லா."

"பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்காங்கம்மா. வாசம் போகும். என்னமோன்னு நினைப்பாங்க."

"என்னமோன்னா?"

"என்னமோதாம்மா. கடையில ஒரு போத்தல் வாங்கினா முடிஞ்சிச்சிலா. எதுக்கு இந்த சூசா எல்லாம்?"

சூசா என்றால் தொல்லை. மலாய் வார்த்தை. ரூத் ஆறாம் படிவம் படிக்கிறாள், நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி. தோழிகளிடம் மலாய், அப்பாவிடம் ஆங்கிலம், என்னிடம் மட்டும் தமிழ். அதுவும் சண்டை முற்றினால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் பதில் சொல்ல வார்த்தை தேடுவதற்குள் சண்டை முடிந்துபோயிருக்கும்.

சன்னலை நான் மறுபடியும் திறக்கவில்லை. நாகர்கோவில் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே கிறிஸ்மஸுக்கு முன்னால் எங்கள் தெருவில் ஜாடி கட்டாத வீடு கிடையாது. யாரும் யாருக்கும் சன்னலைச் சாத்தியதில்லை. ஆனால் ரூத் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பிறப்பதற்கு முன்னால் இந்த வைனால் எனக்கு நேர்ந்தது அவளுக்குத் தெரியாது. முழுதாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே, மலாய் நாட்டுக்கு வந்தேன். என் கணவர் ஞானமுத்து இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருக்கு டிரசர் வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் காயம் கட்டுவது, ஊசி போடுவது, பிரசவத்துக்கு ஆள் அனுப்புவது எல்லாம் டிரசர்தான்.

வந்த புதிதில் எல்லாரும் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவதைக் கேட்டு, நம் ஊர்க்காரர்கள்தான் போலும் என்று சந்தோஷப்பட்டேன். நாமும் "வந்தேம்லா, சொன்னேம்லா" என்போமே. கொஞ்ச நாளில் இது வேறு லா என்று புரிந்தது. சீனர் மலாய்க்காரர் எல்லாரும் போடுகிற லா. நம்முடையதில் 'நான் சொல்லவில்லையா?' என்ற உரிமை இருக்கும். இதில் அது இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்த அன்றுதான் வேறு நாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று மனசில் பட்டது.

முதல் கிறிஸ்மஸ் வந்தது. பக்கத்து டவுனான ஈப்போ மார்க்கெட்டில் நசுங்கத் தொடங்கிய கறுப்புத் திராட்சையை மலிவாக வாங்கிவந்தேன். சீனி, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை. எங்கள் அம்மா செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் எல்லாம் போட்டு ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியது. வடிகட்டினேன். நிறம் அருமையாக வந்திருந்தது. கிறிஸ்மஸ் நெருங்கிவிட்ட அவசரத்தில், சோஸ் போத்தல், சீரப் போத்தல் என்று கிடைத்ததையெல்லாம் கழுவி, ஊற்றி, தக்கையை இறுக்கி அடைத்தேன்.

எங்கள் வீட்டில் வேலைக்கு ஒத்தாசையாக அஞ்சலை என்று ஒரு பெண் வருவாள். காலையில் பால்மரம் சீவிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் எனக்குத் துணி துவைத்துக் கொடுப்பாள். நான் அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தேன். முதல் போத்தலை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

"வீட்டுக்காரருக்குக் குடு. இது கள்ளு இல்ல, திராட்சப் பழ ரசம்" என்றேன்.

அஞ்சலை போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உள்ள என்னமோ ஏறுதுங்களே அம்மா, பொடிப் பொடியா?"

நானும் பார்த்தேன். சின்னச் சின்னக் குமிழிகள் அடியிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. எனக்கும் என்னவென்று விளங்கவில்லை. "அது ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து பங்களாவிலிருந்து மிசஸ் சிவபாதம் வந்திருந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாரின் மனைவி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். எதையும் அளந்து பேசுகிறவர். நாங்கள் முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டு ஸ்டோர் அறையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் ஒரு போத்தலின் தக்கை கூரைத் தகரத்தில் அடித்துக் கீழே விழுந்து கிடந்தது. சுவரெல்லாம் சிவப்பு. அடுத்த போத்தலும் வெடித்தது.

"என்ன காய்ச்சுறீங்கள் நீங்கள்?" என்று கேட்டார் மிசஸ் சிவபாதம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

காய்ச்சவில்லை, ஊறவைத்தது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் தேநீரை முடிக்காமலே போனார்.

3

கிறிஸ்மஸ் கழிந்த கொஞ்ச நாளில், அஞ்சலையின் கணவர் மாரிமுத்துவை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரே வாந்தி. தலைவலி தாங்காமல் கத்துகிறார். கொஞ்ச நேரத்தில், "விளக்க ஏன்யா அணைச்சிட்டீங்க?" என்று கேட்டாராம். அப்போது காலை வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது.

என் கணவர் லாரி ஏற்பாடு செய்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே இருந்தார். "சம்சு" என்றார். கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற சாராயம் அது. "ஸ்பிரிட் கலந்து விக்கிறானுங்க. கண்ணு போயிரும். உசிரு தங்கினா பெருசு."

"ஐயோ, அஞ்சலை எப்படி இருக்கா?"

அவர் மறுபடியும் சோப்பை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அஞ்சலை அன்று சொன்னது சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நேத்து அவரு டிரசரம்மா குடுத்ததையும் குடிச்சாரு. வாயில ஊத்தினா ஊசி குத்துற மாதிரி இருக்கு, புஸ்ஸுன்னு பொங்குதுன்னு சொன்னாரு." அவ்வளவுதான் சொன்னாள். அதுபோதும். டிரசர் வீட்டில் போத்தல் வெடித்ததும் எல்லாருக்கும் தெரியும். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. பால்காரர் பாலை வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனார்.

எல்லாரையும்விட என்னை நான்தான் அதிகம் சந்தேகப்பட்டேன். அம்மா செய்த வைன் நாக்கில் குத்தாது. தெளிந்து, அசையாமல் இருக்கும். என்னுடையது குத்துகிறது, பொங்குகிறது, கலங்கலாகவே நிற்கிறது. அப்படியானால் இதில் வேறு என்னமோ இருக்கிறது. திராட்சை அழுகியிருந்ததோ? சோஸ் போத்தலில் எதாவது மிச்சம் இருந்ததோ? நானே ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமென்று போத்தலைக் கையில் எடுத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று திரும்ப வைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். போத்தல்கள் ஒரு வரிசையாக அடுக்கியிருந்தேன். அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெடித்ததையும் கொடுத்ததையும் கழித்தாலும் ஒன்று குறைகிறது. அஞ்சலைதான் எடுத்திருக்கிறாள், யாரிடமோ காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டோர் கதவுக்குப் பூட்டுப் போட்டேன்.

அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு காட்சி ஞாபகம் வந்தது. வடிகட்டிய வைனை அம்மா உடனே குப்பியில் அடைக்க மாட்டாள். ஜாடியை வெயில் படுகிற மூலையில் வைத்து, நீளக் காம்பு அகப்பையால் தினமும் கிண்டுவாள். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை எழும்பும், அடங்கும். "இன்னும் காத்து இறங்கல" என்பாள். நுரை வராமல் நின்ற பிறகுதான் தெளியவிட்டு அடைப்பாள். சிறுமியாக இருந்த நான் அதை விளையாட்டாகப் பார்த்தேனே தவிர, எதற்கென்று கேட்கவில்லை. இப்போது விளங்கியது. புளிக்கும்போது உண்டாகிற காற்று வைனுக்குள்ளேயே கரைந்து நின்றுவிடுகிறது. அதுதான் குத்துகிறது, அதுதான் தக்கையைத் தள்ளுகிறது, அதுதான் வண்டலை அடியில் படிய விடாமல் கலக்குகிறது. அதை வெளியேற்றாமல் அடைத்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா? எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

4

போலீஸ் ஜீப் வந்தது மறுநாள் காலையில். மலாய்க்கார சார்ஜன், அதாவது சார்ஜென்ட், ஒருவர், கூட ஓர் இளம் போலீஸ்காரர். என் கணவர் அவர்களோடு வாசல்வரை வந்து அங்கேயே நின்றுகொண்டார். கிராணியார் பங்களா சன்னலில் திரைச்சீலை அசைந்தது.

ஸ்டோரைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டியிருந்ததைப் பார்த்து சார்ஜன் முகம் மாறியது. பூட்டு போட்டது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. போத்தல்களை மேசையில் வைத்தார்கள். சார்ஜன் ஒன்றைத் தூக்கி, "இனி அப்பா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த மலாய் மார்க்கெட் மலாய்.

"ஆங்கூர்" என்றேன். திராட்சை.

அவர் தக்கையைத் திருகினார். வைன் சீறிக்கொண்டு அவர் சட்டையில் அடித்தது. இளம் போலீஸ்காரர் பின்னால் குதித்தார். சார்ஜன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது சம்சுதானே என்று கேட்டார்.

நான் இல்லை இல்லை என்றேன். உள்ளே காற்று இருக்கிறது, அதை வெளியேற்ற மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். காற்றுக்கு ஆங்கின். வெளியே போடுவதற்கு புவாங். மறப்பதற்கு லுப்பா. எல்லா வார்த்தையும் தெரிந்திருந்த தைரியத்தில், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன்:

"துவான், சாயா லுப்பா புவாங் ஆங்கின்."

 இளம் போலீஸ்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சார்ஜன் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். மலாயில் 'புவாங் ஆங்கின்' என்றால், எழுத வெட்கமாக இருக்கிறது, வயிற்று வாயு பிரிவது. போலீஸ் ஜீப்பில் வந்து விசாரிக்கிறவரிடம் ஒரு கர்ப்பிணி கைகூப்பி, ஐயா, வாயு விட மறந்துவிட்டேன் என்று சொன்னால் என்ன செய்வார்கள்?

சிரித்தார்கள்தான். ஆனால் போத்தல்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். கெமிஸ்ட் சோதனை முடியும்வரை நான் தோட்டத்தை விட்டு எங்கும் போகக் கூடாது என்றார் சார்ஜன். சிரிப்பு அடங்கிய குரலில் சொன்னதால் அது இன்னும் பயமாக இருந்தது.

என் கணவர் மலாய் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவர், என் வாய் குழறியபோது வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயம் போலும் என்று நினைத்தேன்.

5

எனக்கு வேறொரு பயம். நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. போலீஸ் கேஸ் என்று ஒரு வரி எழுதினால் கப்பலேற்றிவிடுவார்கள். பிள்ளை இங்கே பிறக்குமா, அங்கே பிறக்குமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

சோதனை முடிவு வருவதற்குள் ஈப்போ குடிநுழைவு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போகாவிட்டால் தப்பு, தோட்டத்தைவிட்டுப் போனாலும் தப்பு. என் கணவர் ஸ்டேஷனுக்குப் போய் அனுமதி வாங்கி வந்தார்.

அங்கே மேசைக்கு மேசை அனுப்பினார்கள். அப்பா பெயரை என் பெயராகவும் என் பெயரைக் கணவர் பெயராகவும் மாற்றி எழுதியிருந்தார்கள். திருத்த வேறொரு மேசை. கடைசியில் ஓர் அதிகாரி என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். வேலை இல்லாமல் இருப்பதற்கு 'மெஙாங்கூர்' என்று என் கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். பதற்றத்தில் முதல் பாதி விழுங்கிப்போய், "ஆங்கூர்" என்று வந்தது. மலாயில் அது மதுவையும் குறிக்கும். வேலை: திராட்சை மது.

அதிகாரி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். இவருக்கும் செய்தி போயிருக்கிறது, கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். என் கணவர் குனிந்து மலாயில் என்னவோ சொன்னார். அதிகாரி தலையாட்டி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து, "அவருகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல சும்மா இருக்கான்னு சொன்னேன்லா. வேற என்ன சொல்லணும்?"

அன்று அதையும் நான் நம்பவில்லை. யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருப்பதாகத் தோன்றிய காலம் அது.

6

சோதனை முடிவு வந்தது. என் போத்தல்களில் இருந்தது திராட்சை வைன். கெடுதலான ஸ்பிரிட் எதுவும் இல்லை. மாரிமுத்துவும் ஆஸ்பத்திரியில் தெளிந்து, தோட்டத்து எல்லையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவனிடம் சம்சு வாங்கிக் குடித்ததாகச் சொல்லிவிட்டார். அவர் பிழைத்தார். ஆனால் ஒரு கண் முழுக்கப் போயிற்று. மறு கண்ணில் நிழல் மட்டும் தெரிந்தது. மரம் சீவ முடியாமல் தோட்டத்து ஸ்டோரில் சாக்கு மடிக்கிற வேலைக்குப் போனார்.

அஞ்சலை ஒருநாள் மத்தியானம் வந்து வாசலில் நின்றாள். நான் கொடுத்த போத்தலைக் கழுவி, காயவைத்து எடுத்துவந்திருந்தாள்.

"நான் உங்க மேல குத்தம்னு போலீசுல சொல்லலம்மா. கேட்டாங்க. நீங்க குடுத்தத குடிச்சாருன்னுதான் சொன்னேன். அதாலதான்னு சொல்லல."

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கலன்னுதான் வந்தேன்" என்றாள். துணி மூட்டையைத் தானாக எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ஸ்டோரிலிருந்து போத்தல் எடுத்தவள் அவள் இல்லையென்று அந்தக் குரலில் தெரிந்தது. அப்படியானால் போலீசுக்குச் சொன்னது யார்? எனக்கு ஒரே ஆள்தான் தோன்றியது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவர். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு வைன் வேண்டாம் என்று நான் சொல்ல, என் கணவர்தான் வற்புறுத்தித் திராட்சை வாங்கிவந்தார். அந்த முறை நான் அவசரப்படவில்லை. வடிகட்டிய பிறகு ஜாடியைத் தகரக் கூரையின் சூடு இறங்குகிற இடத்தில் வைத்தேன். சூட்டில் காற்று சீக்கிரம் பிரியும். தினமும் கிண்டினேன். முதலில் மெதுவாகத்தான் கிண்ட வேண்டும். வேகமாகக் கிண்டினால் ஜாடி வழிந்து சமையலறை நாறிவிடும். கடைசியில் பாதிப் போத்தல் ஊற்றி, கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்கி, விரலை எடுப்பேன். 'புஸ்' என்றால் இன்னும் காற்று இருக்கிறது, மறுபடியும் கிண்டு. சத்தமே இல்லையென்றால் தெளியவிடலாம். இன்றுவரை அந்தச் சோதனை செய்யாமல் ஒரு போத்தலும் அடைத்ததில்லை.

கிறிஸ்மஸ் பலகாரம் எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புவேன். கிராணியார் வீட்டுக்கு மட்டும் முறுக்கு போகும், நான் போக மாட்டேன்.

7

எண்பதுகளில் தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டார்கள். ஆஸ்பத்திரியை மூடினார்கள். என் கணவருக்கு ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றும்போது மிசஸ் சிவபாதம் வந்தார். அவர்களும் போகிறவர்கள்தான். தலை நரைத்திருந்தது.

"லில்லி, ஒண்டு கேக்கலாமோ? இவ்வளவு வருஷமா என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல நீங்கள். ஏன் எண்டு எனக்குத் தெரியும்."

நான் பாத்திரக் கூடையைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"நான் பொலிசுக்கு ஒண்டும் சொல்லேல்ல. பயந்தனான், அது உண்மை. ஆனா சொல்லேல்ல. அந்தப் போத்தில் ஈப்போவுக்கு எப்பிடிப் போனதெண்டு உங்கட வீட்டிலேயே கேளுங்கோ. நான் சன்னலால கண்டனான்."

லாரியின் பின்பக்கம் சாமான்களோடு ரூத்தும், இறக்க ஒத்தாசைக்கு வந்த மாரிமுத்துவின் பையன்களும் ஏறிக்கொண்டார்கள். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும். ஓட்டுநர் சீனர், தமிழ் தெரியாது. செமோர் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டோர்லயிருந்து போத்தல் எடுத்தது நீங்களா?"

அவர் எந்தப் போத்தல் என்று கேட்கவில்லை. எத்தனையோ வருடமாக அந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தவர் மாதிரி, "ஆமா" என்றார். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட குடுத்தேன். அவரு போலீசுக்குச் சொல்லுவாருன்னு நினைக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே? ஒண்ணுமில்ல, வெறும் திராட்சைன்னு. சம்சு விக்கிறவனும் அதேதான் சொல்றான். ஒரு ஆளுக்குக் கண்ணு போயிருச்சு லில்லி. இன்னும் யாராச்சும் அதைக் குடிச்சிருந்தா? எனக்குத் தெரிஞ்சாகணும்லா."

நியாயம்தான். டிரசராக அவர் செய்தது நியாயம்.  வாசலில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் வேறு மாதிரித் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார்.

"பஸ்ல போறப்ப போத்தல மடியில வெச்சிருந்தேன். உன்னுதுலதான் விஷம்னு வந்திருச்சுன்னா என்ன செய்றதுன்னு யோசிச்சுக்கிட்டே போனேன்."

"என்ன செய்றதா இருந்தீங்க?"

"நான்தான் செஞ்சேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனசைத் தேற்ற அந்த நிமிடம் கட்டிச் சொன்னதா, மெய்யாகவே அன்று பஸ்ஸில் நினைத்ததா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. மறுபடியும் அப்படி ஒரு பழி வந்து அதைத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வராமலே போகட்டும் என்றுதான் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன்.